நெஞ்சமே முதல் இசைத்தட்டு

ஒலியைப் பிடித்து வைத்துத் திரும்பக் கேட்கச் செய்யும் வித்தையை மனிதன் கண்டறிந்தது 1877ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் அமைத்த கருவி, தன்முன் பேசப்பட்டதைத் திரும்பப் பேசியது. அதற்கு முன் மறைந்த எந்த இசைமேதையின் வாசிப்பையும் நாம் கேட்க இயலாது. 1750 ஜூலை 28ஆம் நாள் லைப்சிக் நகரில் கண்மூடிய யோகான் செபாஸ்தியான் பாக் எவ்வாறு வாசித்தார் என்பதை அறிய நமக்கு இருப்பவை, காகிதத்தில் எழுதப்பட்ட இசைக்குறிப்புகளும் அவரைக் கேட்டோர் விட்டுச்சென்ற சில சாட்சியங்களுமே.

காகிதம் தானாகப் பாடுவதில்லை. எழுதியதை ஒருவர் கற்று, நெஞ்சில் ஏற்றி, விரல்களால் மீண்டும் ஒலியாக்க வேண்டும். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தை இசை வரலாற்றாசிரியர்கள் ‘பரோக்’ காலம் என்பர். அக்காலத்தின் விசைப்பலகை இசை இருபதாம் நூற்றாண்டில் மறுவாழ்வு பெற்றது. நாடு இழந்தவர், பார்வை இழந்தவர், வதைமுகாமில் இளமையை இழந்தவர் எனச் சிலர் அதைத் தம் நெஞ்சில் சுமந்து நமக்குக் கொணர்ந்து சேர்த்தனர். அவர்களுடைய ஒலிப்பதிவுகளை இன்று எவரும் கேட்கலாம். அவற்றின் பின்னே நிற்கும் வாழ்வை அறிந்து கேட்போமாயின், நம் செவி மட்டுமன்றி நம் உள்ளமும் பயன் பெறும்.

மறைந்துபோன ஒரு கருவி

ஆலயத்தில் ஆர்மோனியத்தையும் கீபோர்டையும் கண்டு பழகிய நமக்கு, அக்காலக் கருவிகளைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவை. பாக் காலத்து வீடுகளிலும் அரண்மனைகளிலும் ஹார்ப்சிகார்டு என்னும் கருவி இருந்தது. அதன் கட்டையை அழுத்தினால், உள்ளே பறவை இறகின் தண்டில் செய்த சிறு முள் ஒன்று தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆலயங்களிலோ குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் பெரிய ஆர்கன் இருந்தது.

1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதில் சிறு சுத்தியல்கள் தந்தியை அடிக்கும். விரலின் வலிமைக்கேற்ப ஒலி ஓங்கும், தாழும். இந்தப் புதிய வசதி அனைவரையும் கவர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் வேளையில் ஹார்ப்சிகார்டு வழக்கிழக்கத் தொடங்கிற்று. அடுத்த நூற்றாண்டில் பாக்கின் படைப்புகளை மதித்தவர்கள்கூட அவற்றைப் பியானோவிலேயே வாசித்தனர்.

கொள்ளையிட இயலாத செல்வம்

இந்நிலையை மாற்றியவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. யூத வழிமரபில் 1879ஆம் ஆண்டு போலந்தின் வார்சா நகரில் பிறந்த இப்பெண்மணி, பியானோ கலைஞராகத் தேர்ச்சி பெற்று 1900இல் பாரிசுக்குச் சென்றார். பழைய இசைக்கு அதன் சொந்தக் கருவியைத் திரும்ப அளிக்க வேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி. அவருக்காகப் பாரிசின் பிளெயேல் நிறுவனம் பெரிய ஹார்ப்சிகார்டு ஒன்றைச் செய்தது. 1912இல் பிரெஸ்லாவ் நகரில் நடந்த பாக் இசைவிழாவில் அதை அவர் அரங்கேற்றினார்.

1925இல் பாரிசுக்கு அருகே சான்-லூ-லா-ஃபொரே என்னும் ஊரில் பழைய இசைக்கான பள்ளி ஒன்றை அவர் நிறுவினார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். பாக் 1741இல் வெளியிட்ட ‘கோல்ட்பெர்க் வேறுபாடுகள்’ என்னும் படைப்பை 1933இல் அவர் ஹார்ப்சிகார்டில் ஒலிப்பதிவு செய்தார். அக்கருவியில் அப்படைப்பின் முதல் ஒலிப்பதிவு அதுவே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிட அளவே இசை கொள்ளும். தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துத்தான் அந்நாளைய மக்கள் அதை முழுதும் கேட்டனர்.

1940இல் போர் பிரான்சை நெருங்கியது. அவ்வாண்டில் பாரிசில் அவர் ஸ்கார்லாட்டியின் படைப்புகளைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, வெளியே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் முழங்கின. அந்த முழக்கமும் பதிவில் விழுந்துவிட்டது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. இன்றும் அந்தப் பதிவில் தந்திகளின் ஒலிக்கு அடியில் அது கேட்கிறது.

ஜெர்மானியப் படை நெருங்கவே, அறுபது வயதைக் கடந்த லாண்டோவ்ஸ்கா தம் பள்ளியையும் வீட்டையும் விட்டு வெளியேறினார். அவர் ஆண்டுக்கணக்கில் திரட்டிய பழங்கருவிகளையும் அரிய கையெழுத்துப் படிகளையும் நாசிகள் கொள்ளையிட்டுச் சென்றனர். 1941 டிசம்பர் 7ஆம் நாள், ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நாளில், ஓர் அகதியாக அவர் நியூயார்க் வந்திறங்கினார். மூன்று மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 21ஆம் நாள், அந்நகரின் டவுன் ஹால் அரங்கில் ‘கோல்ட்பெர்க்’ முழுவதையும் வாசித்தார். நூலகம் பறிபோயிருந்தது. நெஞ்சில் இருந்ததை எவரும் பறிக்க இயலவில்லை. எழுபது வயதையொட்டி, 1949இல் தொடங்கி 1954 வரை, பாக்கின் ‘நற்சுருதி விசைப்பலகை’ இரு பாகங்களையும் ஒலிப்பதிவு செய்து முடித்தார். 1959இல் அமெரிக்காவின் லேக்வில் என்னும் சிற்றூரில் அவர் மறைந்தார்.

அரசி காத்த ஏடுகள்

பீரங்கி முழக்கத்தினூடே லாண்டோவ்ஸ்கா வாசித்த டொமெனிக்கோ ஸ்கார்லாட்டியும் பாக்கும் ஒரே ஆண்டில், 1685இல், பிறந்தவர்கள். பாக் லூத்தரன் சபையினர். ஸ்கார்லாட்டி நேப்பிள்ஸ் நகரத்துக் கத்தோலிக்கர். உரோமையில் தூய பேதுரு பேராலயத்தின் ‘ஜூலியா பாடகர் குழு’வுக்கு 1715 முதல் 1719 வரை தலைவராக இருந்தவர் அவர். பின்னர் போர்த்துகல் நாட்டுக்குச் சென்று அரசகுமாரி மரியா பார்பராவுக்கு இசை கற்பித்தார். அவர் ஸ்பெயின் நாட்டுக்கு மணமாகிச் சென்றபோது ஆசிரியரும் உடன் சென்று, 1757இல் மாட்ரிட் நகரில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்கள் என நாம் அறிந்தவை 555. அவற்றுள் அவர் தம் கையால் எழுதிய படி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. 1738இல் அச்சேறியவை 30 மட்டுமே. ஏனையவற்றின் பெரும்பகுதி, மாணவியான அரசிக்காகப் படியெடுத்துக் கட்டப்பட்ட பதினைந்து தொகுதிகளில் தங்கி, இன்று வெனிஸ் நூலகத்தில் உள்ளது. பெயர் தெரியாத ஒரு படியெடுப்பாளரின் பொறுமை இல்லையெனில் அவை மண்ணோடு போயிருக்கும்.

இந்த 555 சொனாட்டாக்களையும் ஒருவரே வாசித்து ஒலிப்பதிவு செய்ய முடியுமா? அமெரிக்காவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஸ்காட் ராஸ் 1984, 1985 ஆண்டுகளில் அதைச் செய்து முடித்தார். 34 குறுந்தட்டுகள் கொண்ட தொகுப்பு அது. நான்கே ஆண்டுகளில், 1989இல், எய்ட்ஸ் நோயால் தமது 38ஆம் வயதில் அவர் மறைந்தார். இரு நூற்றாண்டுகளுக்கு முன் அரசவையில் நடந்த படியெடுப்புப் பணி, இவருடைய விரல்களால் ஒலிவடிவில் இன்னொரு முறை நடந்தது எனலாம்.

பார்வையற்றவரின் பேராலயம்

அடுத்து, ஆலயத்துக்குரிய கருவியாகிய ஆர்கனிடம் வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சங்க ஏட்டில், குழல் ஆர்கன் இலத்தீன் திருச்சபையில் உயர்வாக மதிக்கப்பட வேண்டும் எனக் கூறியிருப்பது நாம் அறிந்ததே.

ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய மருத்துவர் ஆல்பர்ட் சுவைட்சரை நாம் அறிவோம். அவர் மருத்துவராகும் முன்பே பாக்கைப் பற்றி 1905இல் பெருநூல் எழுதியவர், சிறந்த ஆர்கன் கலைஞர். 1935இல் இலண்டன் கோபுரத்துக்கு அருகிலுள்ள ‘ஆல் ஹாலோஸ்’ ஆலயத்தின் ஆர்கனில் அவர் பாக் படைப்புகளைப் பதிவு செய்தார். 1940 டிசம்பரில் விழுந்த குண்டுகளில் அந்த ஆலயம் சிதைந்தது, ஆர்கனும் அழிந்தது. இன்று அந்த ஆர்கனின் குரல் வாழ்வது சுவைட்சரின் இசைத்தட்டுகளில்தான்.

சுவைட்சருக்குப் பின் வந்தவர்களுள் ஹெல்முட் வால்கா தனித்து நிற்கிறார். 1907இல் லைப்சிக் நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட அம்மைத் தடுப்பூசியின் விளைவாகப் பார்வை குன்றி, இளமையிலேயே அதை முற்றிலும் இழந்தார். இசைக்குறிப்பைப் பார்க்க இயலாதவர் பாக்கை எவ்வாறு கற்பது?

பாக்கின் இசையில் ஒரே வேளையில் மூன்று, நான்கு குரல்கள் தனித்தனி வழியில் நடந்து, ஒன்றோடொன்று பின்னிச் செல்லும். வால்காவின் தாயாரும், பின்னாளில் மனைவியும், ஒவ்வொரு குரலையும் தனியே பிரித்து அவருக்கு வாசித்துக் காட்டினர். கேட்டதை அவர் மனத்தில் பதித்துக்கொண்டார். பின் அடுத்த குரல், அதன்பின் அடுத்தது. எல்லாக் குரல்களும் உள்ளே நிலைத்த பின்பு அவற்றை ஒன்றாக இணைத்து வாசித்தார். பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுவதையும் அவர் இவ்வாறே கற்றார்.

1947இல், போரில் சிதைந்த ஜெர்மனியில், லூபெக் நகரத்துத் தூய யாக்கோபு ஆலயத்தின் சிறிய ஆர்கனில் அவருடைய ஒலிப்பதிவுப் பணி தொடங்கியது. பின்னர் காப்பல் என்னும் சிற்றூரில், ஆர்ப் ஷ்னிட்கர் என்ற புகழ்பெற்ற கைவினைஞர் 1680இல் செய்த ஆர்கனில் தொடர்ந்து, 1952இல் நிறைவுற்றது. நாடெங்கும் நகரங்கள் இடிந்து கிடந்த நாளில், கிராமத்து ஆலயத்தில் தப்பிப் பிழைத்த பழங்கருவி ஒன்றைப் பார்வையற்ற ஒருவர் பாடச் செய்தார். 1956 முதல் 1971 வரை, ஸ்டீரியோ முறையில், அப்பணியை அவர் இரண்டாம் முறையும் செய்தார். பாக் தம் இறுதி நாள்களில் கண் சிகிச்சை பலனின்றிப் பார்வையிழந்தார் என்பதையும், அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘ஃபியூக் கலை’யின் இறுதிப் பகுதிக்கு வால்கா ஒரு நிறைவு எழுதினார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். வால்கா 1991இல் மறைந்தார்.

எழுத்தும் உயிரும்

பழைய இசைக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன? இருபதாம் நூற்றாண்டின் கலைஞர்கள் இக்கேள்விக்கு ஒரே விடை அளிக்கவில்லை. லாண்டோவ்ஸ்காவின் இரும்புச் சட்டக் கருவி பாக் காலத்தில் இருந்ததன்று என அடுத்த தலைமுறை கூறியது. நெதர்லாந்தின் குஸ்டாவ் லியோன்ஹார்ட், 1928 முதல் 2012 வரை வாழ்ந்தவர், பழங்கருவிகளையும் அவற்றை அப்படியே பின்பற்றிச் செய்த கருவிகளையும் நாடினார். பழைய நூல்களை ஆராய்ந்து, அடக்கமாகவும் தெளிவாகவும் வாசித்தார். ஹார்ப்சிகார்டு வாசிப்போர் பலர் இன்று அவர் காட்டிய வழியில் நடக்கின்றனர்.

இதற்கு நேர்மாறாக, கனடா நாட்டின் கிளென் கூல்ட் பியானோவையே பற்றி நின்றார். 1955 ஜூனில், 22 வயது இளைஞராக, நியூயார்க்கில் ஒரு காலத்தில் கிறிஸ்தவ ஆலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடத்தில் அவர் ‘கோல்ட்பெர்க்’ படைப்பைப் பதிவு செய்தார். புயல்போல் விரைந்த அந்த வாசிப்பு 38 நிமிடங்களில் முடிந்தது. 1964இல் மேடையை விட்டே விலகி, ஒலிப்பதிவையே தம் பணியாக்கிக்கொண்டார். 1981இல் அதே கூடத்தில் அதே படைப்பை மீண்டும் பதிவு செய்தார். இம்முறை 51 நிமிடங்கள். அது வெளிவந்து ஒரு மாதத்திற்குள், 1982 அக்டோபர் 4ஆம் நாள், ஐம்பது வயதில் மறைந்தார்.

அப்படைப்பு ஓர் எளிய பண்ணுடன் தொடங்கி, முப்பது வேறுபாடுகளைக் கடந்து, அதே பண்ணுடன் முடிகிறது. இறுதியில் ஒரு சுரமும் மாறுவதில்லை. ஆயினும் இடையே கடந்து வந்த வழியால், கேட்பவர் அதை வேறாகக் கேட்கிறார். கூல்டின் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவருடைய இளமையும் முதிர்ச்சியும் அருகருகே நிற்கக் காண்போம். எழுத்து மாறவில்லை, அதற்கு உயிர் தரும் உள்ளம் மாறியிருந்தது. எழுத்தையும் ஆவியையும் பற்றித் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அறிந்த நமக்கு, லியோன்ஹார்டும் கூல்டும் ஒருவரையொருவர் மறுப்பவராகத் தோன்ற வேண்டியதில்லை. ஒருவர் எழுத்தை மாசுபடாமல் காத்தார். மற்றவர் அது இன்றும் பேசும் என்று காட்டினார்.

முகாமுக்குள் ஒரு காகிதத் துண்டு

இறுதியாக நாம் காணவிருப்பவர், செக் நாட்டின் ஸுஸானா ரூஷிச்கோவா. 1927இல் பில்சன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் நோயுற்றுத் தேறியபோது, பரிசாகப் பியானோ கற்கும் வாய்ப்பைப் பெற்றார். பாக்கின் மீது அவர் கொண்ட காதலைக் கண்ட ஆசிரியை, பிரான்சுக்குச் சென்று லாண்டோவ்ஸ்காவிடம் ஹார்ப்சிகார்டு பயில வேண்டும் என்று வழிகாட்டினார். அந்தக் கனவு நிறைவேறவில்லை. நாசிகள் வந்தனர். லாண்டோவ்ஸ்காவின் பள்ளியும் போயிற்று.

1942 ஜனவரியில், பதினைந்து வயதில், அவர் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தந்தை இறந்தார். 1943 டிசம்பரில் தாயும் மகளும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாக்கின் ஐந்தாம் ‘ஆங்கிலத் தொகுதி’யில் உள்ள ‘சரபாந்து’ என்னும் மெதுநடைப் பகுதியை அவர் ஒரு காகிதத் துண்டில் தம் கையால் எழுதி உடன் எடுத்துச் சென்றார். உண்ண உணவும் உடுக்க உடையும் உறுதியில்லாத பயணத்தில், ஒரு சிறுமி காக்க விரும்பிய உடைமை அது.

பின்னர் குண்டுவீச்சில் நொறுங்கிய ஹாம்பர்க் நகரில் கட்டாய உழைப்பு. 1945 பிப்ரவரியில் பெர்கன்-பெல்சன் முகாம். ஏப்ரல் 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை அம்முகாமை விடுவித்தபோது, தாயும் மகளும் உயிருடன் இருந்தனர். ஊர் திரும்பிய மாணவியின் கைகளைக் கண்ட ஆசிரியை அழுதுவிட்டாராம். விரல்கள் அந்த அளவுக்குச் சிதைந்திருந்தன. அக்கைகளால் இனி வாசிக்க இயலாது என்று பிறர் கருதினர். அவரோ தொடக்கப் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கி, நாளொன்றுக்குப் பல மணிநேரம் பயின்றார். 1956இல் மியூனிக் நகரில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் பரிசு வென்றார்.

தம் மக்களைக் கொன்றொழித்த நாட்டுக்கே சென்று, அந்நாட்டின் இசையை அந்நாட்டவர் முன் அவர் வாசித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாக்கின் இசை மனிதரைத் தானாகவே நல்லவராக்கிவிடும் என்று நாம் நினைத்தால் தவறு. முகாம்களை நடத்தியவர்கள் பாக் பிறந்த மண்ணினர், அவ்விசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆஷ்விட்ஸில் கைதிகளைக் கொண்டே இசைக்குழுக்கள் நடத்தினர். கேட்ட செவி வேறு, ஏற்ற நெஞ்சு வேறு. விதைப்பவர் உவமையில் ஆண்டவர் காட்டிய வேறுபாடு இதுவே அன்றோ?

பொதுவுடைமை ஆட்சியிலும் அவருக்குத் துன்பம் தொடர்ந்தது. கட்சியில் சேர மறுத்தார். வெளிநாடுகளில் ஈட்டிய பணத்தின் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. ஆயினும் 1965இல் தொடங்கிய பத்தாண்டுக் காலத்தில் பாக்கின் விசைப்பலகைப் படைப்புகள் அனைத்தையும் ஹார்ப்சிகார்டில் ஒலிப்பதிவு செய்து முடித்தார். இதைச் செய்த முதல் கலைஞர் அவரே. அத்தொகுப்பு 2016இல் 20 குறுந்தட்டுகளாக மீண்டும் வெளிவந்தது. மறு ஆண்டு, 2017 செப்டம்பர் 27ஆம் நாள், 90ஆம் வயதில் பிராகா நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். காகிதத் துண்டில் எழுதிய அந்தச் சரபாந்தும் அத்தொகுப்பில் உள்ளது. சில நிமிடங்களே நீளும் அதைக் கேட்கும்போது, அதில் அழுகை மிகுந்திருக்கும் என நாம் எதிர்பார்க்கலாம். அவரோ அளவு பிறழாமல், ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தைக் கொடுத்து வாசிக்கிறார்.

நமக்கான பாடம்

பாக் தம் கையெழுத்துப் படிகள் பலவற்றின் முடிவில், இறைவனுக்கே மகிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் மூன்றைப் பொறித்தார். அவர் நம் திருச்சபையினர் அல்லர். எனினும் வாழ்வின் இறுதியில் இலத்தீன் திருப்பலியின் சொற்களுக்கு முழுமையாக இசையமைத்துத் தந்தவர். அவர் இசையைக் காத்தவர்களுள் யூதர் உண்டு, சீர்திருத்த சபையினர் உண்டு. இறைவனின் கொடை வேலிகளைப் பார்த்து வழங்கப்படுவதில்லை.

இன்று நம் கையிலுள்ள சிறு கருவியில் விரல் பட்டால் ஆயிரம் இசைத்தொகுப்புகள் நம்முன் வந்து நிற்கின்றன. எளிதில் கிடைப்பதாலேயே எதையும் முழுதாகக் கேளாமல் கடந்து செல்லும் பழக்கமும் நம்மிடம் வளர்ந்துவிட்டது. நம் பாட்டனாரும் பாட்டியாரும் தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தைப் புத்தகம் பாராமலே பாடினர். எழுதப் படிக்க அறியாதவருங்கூட நீண்ட மன்றாட்டுகளை வரி பிசகாமல் சொன்னார்கள். அவர்களிடமிருந்து அவற்றைப் பறிக்க வறுமையாலோ முதுமையாலோ முடிந்ததில்லை. நாம் எதை அவ்வாறு நெஞ்சில் வைத்திருக்கிறோம்? பாடகர் குழுவில் பாடும் நம் பிள்ளைகள் ஒரு பாடலையேனும் தாளைப் பாராமல் பாடுமளவுக்குக் கற்கிறார்களா?

எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ‘கோல்ட்பெர்க்’ படைப்பின் தொடக்கப் பண்ணோ, ரூஷிச்கோவாவின் சரபாந்தோ, வால்காவின் ஓர் ஆர்கன் இசையோ, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். வேறு வேலையின்றி அமர்ந்து, நாள்தோறும் ஒரு முறை எனச் சில வாரங்கள் கேட்போம். முதலில் மேற்குரலைப் பின்தொடர்வோம், மறுநாள் கீழ்க்குரலை. வால்கா கற்ற முறை அதுவே. நிகழ்ந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்து வந்த அன்னை மரியாவிடம் நாம் கற்க வேண்டிய முறையும் அதுவே.